ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போன பள்ளிக்கூடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் கொருக்குப்பேட்டையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பெயர்தான் ஜெராக்ஸ் கடை. சாதிச் சான்று, வருமானச் சான்று, ஸ்காலர்ஷிப் என்று எல்லா ஆன்லைன் விண்ணப்பத்துக்கும் சுற்றுவட்டாரத் தாய்மார்கள் என்னிடம்தான் வருவார்கள். அதனால் யார் வீட்டுப் பிள்ளை எங்கே படிக்கிறது, யார் வீட்டுப் பிள்ளை நின்றுவிட்டது என்பது எனக்குத் தெரியாமல் போகாது.

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த தொடக்கப்பள்ளியை, பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி, போன வருஷம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிட்டார்கள். கேட்டதற்கு, தூரம் ஒரு கிலோமீட்டருக்குள்தான் வருகிறது, எல்லாம் விதிப்படி சரி என்று பதில் வந்தது. சரியில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

கொருக்குப்பேட்டை கேட்டைப் பற்றி வடசென்னைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கூட்ஸ் வண்டி ஒன்று போய் முடிவதற்குள் அடுத்ததற்கு மணி அடித்துவிடும். பெரியவர்களே பொறுமை இல்லாமல் குனிந்து உள்ளே நுழைந்து தண்டவாளத்தைத் தாண்டுகிறார்கள். அவர்களைப் பார்த்து ஆறு வயசுப் பிள்ளையும் குனிகிறது. கேட் திறந்தால் அடுத்த கஷ்டம். இரண்டு பக்கமும் காத்துக் கிடந்த லாரியும் பைக்கும் ஒரே சமயத்தில் கிளம்பும், அதற்கு நடுவில்தான் பிள்ளைகள் புத்தகப் பையோடு ஓட வேண்டும். வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தவருக்கு இது எதுவும் தெரிந்திருக்காது.

எதிர்வீட்டில் ஒரு பெண் இருக்கிறாள், என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். காசிமேட்டில் விடியற்காலை ஏலத்தில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவள். மூன்று மணிக்குக் கிளம்பினால் வீடு திரும்பப் பத்து, பத்தரை ஆகிவிடும். அவள் கணவர் ஹார்பரில் லோடு வேலை. பழைய பள்ளி இருந்தவரை, நாலாவது படித்த மகள் தம்பியை எழுப்பி, முகம் கழுவிவிட்டு, எட்டு மணிக்கெல்லாம் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்விடுவாள். ரோடு தாண்ட வேண்டியதில்லை. அங்கே காலைச் சாப்பாடு கிடைத்துவிடும் என்பதால் அம்மா அடுப்பு பற்ற வைக்காமல் நிம்மதியாகக் கிளம்பலாம். பொங்கல் போடும் நாளில் அந்தப் பையன் அக்காவுக்கு முன்னால் ஓடுவதை என் கடையிலிருந்தே பார்த்திருக்கிறேன்.

இப்போது கேட் போட்டிருந்தால் இரண்டு பேரும் சாப்பாட்டு நேரத்துக்குப் போய்ச் சேர்வதில்லை. வெறும் வயிற்றோடு மதியம் வரைக்கும் உட்கார வேண்டும். நடுவில் ஒரு நாள் தம்பி கையை உதறிவிட்டுத் தண்டவாளத்தில் ஓடிவிட்டான். அன்றிலிருந்து அந்தப் பெண் குழந்தை அவனைக் கூட்டிப் போகப் பயப்படுகிறது. ஒன்பது வயசுப் பிள்ளையிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? ஆட்டோவில் அனுப்பலாம் என்று விசாரித்தால் ஒரு பிள்ளைக்கு மாசம் ஆயிரம் ரூபாய் கேட்கிறார்கள். கடைசியில் பையன் வாரத்தில் இரண்டு நாள், மூன்று நாள்தான் போகிறான். மற்ற நாளெல்லாம் அம்மா வரும்வரை என் கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்து, வீணாய்ப்போன ஜெராக்ஸ் பேப்பரின் பின்பக்கத்தில் ரயில் வரைந்துகொண்டிருக்கிறான். பெட்டிகளை ஒன்று விடாமல் எண்ணி எண்ணி வரைகிறான். எண்ணத் தெரிந்த பிள்ளை சார் அவன்.

இவனைப் போல எங்கள் தெருவில் மட்டும் நாலு பேர். இன்னும் இரண்டு குடும்பம் கடன் வாங்கிப் பக்கத்தில் இருக்கும் நர்சரி பள்ளியில் சேர்த்துவிட்டது. இதில் எனக்குப் பெரிய பயம் என்னவென்றால், அடுத்த வருஷம் யாராவது கணக்கெடுத்தால் சேர்த்துவிட்ட பள்ளியிலும் வருகை குறைவு என்றுதான் வரும். அதைக் காட்டி அதையும் இன்னொன்றோடு சேர்ப்பார்கள். பிள்ளைகள் குறைந்ததால் பள்ளியை மூடினோம் என்கிறார்கள். பள்ளியை நகர்த்தியதால் எத்தனை பிள்ளைகள் குறைந்தார்கள் என்று ஒரு ரிஜிஸ்டரிலும் இல்லை.

விதி என்று சொன்னதால் அந்த விதியையும் தேடிப் படித்தேன். இலவசக் கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை ஒட்டி மத்திய அரசு 2010-ல் போட்ட விதிகளில், ஒன்றிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரைக்கான பள்ளி ஒரு கிலோமீட்டர் ‘நடந்து போகும் தூரத்துக்குள்’ இருக்க வேண்டும் என்றுதான் இருக்கிறது. நடந்து போகும் தூரம்! காக்கா பறக்கும் தூரம் இல்லை. அதோடு, வெள்ளம் வரும் இடம், ரோடு இல்லாத இடம், சின்னப் பிள்ளைகள் வீட்டிலிருந்து பள்ளிக்கு வரும் வழியில் ஆபத்து உள்ள இடம் என்றால் அந்தத் தூரத்தையும் குறைத்து, ஆபத்து இல்லாதபடி பள்ளியை அமைக்க வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. தண்டவாளம் ஆபத்து இல்லையென்றால் வேறு எது ஆபத்து?

இதே ஒரு கிலோமீட்டர் இன்னொரு இடத்திலும் ஏழைகளைப் படுத்துகிறது. தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்கிய 25 சதவீத இடத்துக்கு, அதே கல்விச் சட்டத்தின்படி (ஆர்டிஇ என்பார்கள்) விண்ணப்பம் போடும்போது வீட்டுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் பள்ளியைத்தான் கேட்கலாம். வாடகை வீட்டுக்காரர்கள் பதினோரு மாசத்துக்கு ஒருமுறை வீடு மாறுகிறவர்கள். ரேஷன் கார்டில் பழைய முகவரி இருக்கும், குடியிருப்பது இரண்டு தெரு தள்ளி இருக்கும். கம்ப்யூட்டர் முன்னால் என் பக்கத்தில் நின்றுகொண்டு, ‘அக்கா, அந்த ஸ்கூல் வருதான்னு பாரு’ என்று கேட்பார்கள். நேர் ரோட்டில் நடந்து போகக்கூடிய பள்ளி எல்லைக்கு வெளியே நிற்கும். கால்வாய்க்கு அந்தப் பக்கம், சுற்றிக்கொண்டு போக வேண்டிய பள்ளி உள்ளே இருக்கும். வருஷ வருமானம் இரண்டு லட்சத்துக்குக் கீழே என்று அலைந்து வாங்கிய சான்றிதழைத் திரும்பப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

அப்புறம், பள்ளியை நகர்த்தாமல் குடும்பத்தையே நகர்த்துவதும் இருக்கிறது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று குடிசைப் பகுதி மக்களை ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டபோது படிக்கும் பிள்ளைகளுக்கு என்ன ஆனது என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். சென்ட்ரல் பக்கம் சத்தியவாணி முத்து நகரில் இருந்தவர்களை 2019 டிசம்பரில், பாதிப் படிப்பு நடக்கும்போது அனுப்பினார்கள். என் அத்தை பெண் குடும்பமும் அதில் ஒன்று. டி.சி. உடனே கொடுத்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, கொடுத்தும் விடுவார்கள். போன இடத்தில் ஒரு வீட்டுக்கு ஒரு வேலை கிடைக்கும்வரை அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போகுமா என்பதுதான் கேள்வி.

இந்த ஊரில் 1920-லேயே ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிட்டி தியாகராயர் மதிய உணவு கொடுக்க ஏற்பாடு செய்தார். பசியால் பிள்ளைகள் வராமல் இருந்துவிடக் கூடாது என்பதுதான் காரணம். 2022-ல் காலை உணவும் வந்தது. எங்கள் தெரு தாய்மார்கள் அதை எவ்வளவு நன்றியோடு பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தச் சாப்பாடு கேட்டுக்கு அந்தப் பக்கம் ஆறிப்போவதைத்தான் தாங்க முடியவில்லை.

பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி பேர் பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. எங்கள் பள்ளியிலும் குழு இருந்தது. சேர்க்கப் போகிறோம் என்று அவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்கள், சேர்க்கலாமா என்று கேட்கவில்லை. மீன்காரப் பெண்ணும் அந்தக் குழுவில் இருந்தவள்தான். கூட்டம் காலை பதினோரு மணிக்கு, அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தாள்.

அதிகாரிகளிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. எல்லைக் கோட்டை மாற்றுவதற்கு முன்னால் ஒரு நாள் காலை எட்டு மணிக்கு ஒரு குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வழியில் நடந்து பாருங்கள். நடந்த நேரத்தைக் கோப்பில் எழுதுங்கள். சேர்த்தே ஆக வேண்டும் என்றால் வேன் விடுங்கள். எங்கள் பள்ளியைப் பொறுத்தவரை, ஜூனில் திறக்கும்போது ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் மட்டுமாவது பழைய கட்டடத்திலேயே நடத்துங்கள், காலைச் சாப்பாட்டையும் அங்கேயே இறக்குங்கள். பூட்டித்தான் கிடக்கிறது. நேற்றுகூட ஜன்னல் வழியாகப் பார்த்தேன், கூரை நன்றாக இருக்கிறது, கரும்பலகையில் கடைசி நாள் எழுதிய தேதி இன்னும் அழியவில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கொருக்குப்பேட்டை, சென்னை - 21