சேலத்து எஞ்சின் ஆயில் வணிகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய உதிரிபாக, எஞ்சின் ஆயில் வணிகர்களுக்கு வணக்கம்.

கோரிமேட்டில் ஏற்காடு சாலையை ஒட்டி 27 ஆண்டுகளாக இருசக்கர வாகனப் பட்டறை நடத்தி வருகிறேன். மலையேறும் வண்டிகள் காற்றுப் பிடிக்க நிற்பதும், ஏற முடியாமல் திரும்பிய வண்டிகள் வந்து சேருவதும் எங்கள் பக்கம்தான். அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரம் ஏறும் அந்தப் பாதை, சமதளத்தில் மறைந்திருக்கும் குறையையெல்லாம் வெளியே கொண்டுவந்துவிடும். அப்படி வெளிவந்த ஒரு குறையைப் பற்றித்தான் இந்த மடல்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, 150 சிசி பைக் ஒன்றை மினி லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். மனைவியையும் இரண்டு பைகளையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்ட இளைஞர், பாதி வழியில் நின்றிருக்கிறார். "எஞ்சின் கத்துதுங்கண்ணா, வண்டிதான் ஏற மாட்டேங்குது" என்றார். கிளட்ச் கேபிளில் தேவையான தளர்ச்சி இருந்தது. ஸ்பிரிங்குகளும் அளவில் சரியாக இருந்தன. கிளட்ச் மூடியைக் கழற்றியதும் கருகல் நெடி வந்தது. உராய்வுப் பிளேட்டுகளின் சொரசொரப்பு போய், கொத்தாமல் விட்ட அம்மியைப் போல் மழமழவென்று மின்னின. இடையிலிருந்த எஃகுப் பிளேட்டுகள் நீலம் பாய்ந்திருந்தன. வண்டி ஓடியிருந்தது வெறும் 6,000 கிலோமீட்டர். பையில் மீதி ஆயில் இருந்த டப்பாவை எடுத்துக் காட்டினார்: 5டபிள்யூ-30, காருக்கானது. "விலை கூடுதல்தான், ஆனால் வண்டி வழுக்கிக்கொண்டு போகும்" என்று கடையில் சொல்லிக் கொடுத்தார்களாம். சொன்னபடியே வழுக்கியிருக்கிறது.

அந்த ஆயில் கலப்படமும் அல்ல, மட்டமானதும் அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கார் எஞ்சினுக்குள் பிஸ்டன் வளையம் மேலும் கீழும் திரும்பும் இடத்தில் ஒரு கணம் வேகம் அற்றுப்போகிறது. அப்போது ஆயில் படலம் மெலிந்து உலோகமும் உலோகமும் உரசுகின்றன. வால்வைத் திறக்கச் சுழலும் கேமின் மூக்கு, டாப்பெட் என்னும் தள்ளுபாகத்தை அழுத்தும் இடத்திலும் இதே கதைதான். அங்கே காப்பாற்றத்தான் உராய்வு குறைக்கும் சேர்மங்களைக் கலக்கிறார்கள். கொழுப்பு அமிலத்திலிருந்து வரும் கிளிசரால் மோனோ ஓலியேட் போன்றவற்றின் மூலக்கூறு ஒரு முனையால் உலோகத்தைப் பற்றிக்கொண்டு, மறுமுனையை ஆயிலுக்குள் நீட்டி, வெல்வெட்டுத் துணியின் மயிர்போல் வரிசையாக நிற்கிறது. மாலிப்டினம் என்னும் உலோகம் சேர்ந்தவை சூடேறிய இடத்தில் சிதைந்து, ஒன்றின்மேல் ஒன்று நழுவும் மெல்லிய ஏடுகளாகப் படிகின்றன. பெட்ரோலில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு மிஞ்சுகிறது என்றால், ஆண்டு முழுவதும் ஓடும் காருக்கு அது சின்னக் காசு அல்ல.

நம் தாத்தாமார்களுக்கு இது புதிதும் அல்ல. மாட்டுவண்டி அச்சுக்கு வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்து வண்டி மை போட்டார்களே, அந்த விளக்கெண்ணெயின் அமிலமும் இரும்பைப் பற்றிக்கொள்ளும் குணம் உடையதுதான். ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரிலேயே ஆமணக்கை வைத்திருக்கும் மாவட்டத்துக்காரர்களிடம் இதை விரிக்க வேண்டியதில்லை.

ஆனால் கியர் பைக்கின் கதை வேறு. காரில் கிளட்ச் எஞ்சின் ஆயிலைத் தொடுவதில்லை. பெரும்பாலான பைக்குகளில் எஞ்சின், கியர், கிளட்ச் மூன்றும் ஒரே ஆயிலில் குளிக்கின்றன. எஞ்சினுக்கு உராய்வு பகை, கிளட்சுக்கோ அதுதான் உயிர். பிளேட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்தால்தான் எஞ்சினின் வலு பின்சக்கரத்துக்குப் போகும். பற்றிக்கொள்ளும் அந்தச் சேர்மத்துக்கு இது கேம், இது கிளட்ச் பிளேட் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சேலத்துச் சமதளச் சாலையில் தனியாளாக ஓட்டினால் மாதக்கணக்கில் ஒன்றும் தெரியாமல் போகலாம். மலையில் இரண்டாம் கியரில், இருவர் பாரத்தோடு, பிளேட் நழுவத் தொடங்கினால் சூடேறும், சூடேறினால் மேலும் நழுவும்.

இதற்காகத்தான் ஜப்பானியர்கள் 1990களின் இறுதியில் ஜாசோ என்னும் தங்கள் வாகனத் தர அமைப்பின் பெயரில் பைக் ஆயிலுக்கு ஒரு தர அளவை வகுத்தார்கள். ஆயிலில் ஊறிய கிளட்ச் எவ்வளவு பிடிக்கிறது, எவ்வளவு நேரத்தில் நழுவல் நின்று இறுகுகிறது என்று அளந்து, பிடிப்பு மிகுந்ததை எம்ஏ என்றும், குறைந்ததை எம்பி என்றும் பிரித்தார்கள். 2006-இல் எம்ஏவை எம்ஏ1, எம்ஏ2 என்று மேலும் பிரித்தார்கள். இரண்டில் பிடிப்பு மிகுந்தது எம்ஏ2. கியர் பைக்குக்கு எம்ஏ அல்லது எம்ஏ2. பெல்ட்டில் ஓடும் ஸ்கூட்டரின் கிளட்ச் ஆயிலுக்கு வெளியே உலர்ந்து இருப்பதால், அதற்கு எம்பி தாராளமாகப் போதும். வண்டிக் கையேட்டில் போட்டிருப்பதே இறுதி.

இங்கேதான் உங்கள் கடைகளில் நடக்கும் பிழை. டப்பாவின் முன்பக்கத்தில் பெரிதாகத் தெரியும் 5டபிள்யூ-30, 10டபிள்யூ-40 என்ற எண்கள் ஆயிலின் பாகுத்தன்மையை மட்டுமே சொல்கின்றன. உராய்வுச் சேர்மம் எவ்வளவு என்பதைச் சொல்வதில்லை. 10டபிள்யூ-40 என்பதற்காகவே கார் ஆயிலை பைக்குக்கு எடுத்துக் கொடுப்பது, சட்டையின் அளவு சரியாக இருக்கிறது என்று மழைக்கோட்டைக் கொடுப்பது போன்றது. பின்பக்கத்தின் சின்னக் கட்டத்தில் எம்ஏ இருக்கிறதா என்று பாருங்கள். ஏபிஐ என்னும் அமெரிக்கப் பெட்ரோலியக் கழகத்தின் வட்ட முத்திரையில், கீழ்ப்பாதியில் 'ரிசோர்ஸ் கன்சர்விங்' (எரிபொருளை மிச்சப்படுத்துவது) என்று இருந்தால் அதைக் கியர் பைக்குக்குக் கொடுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியவில்லை. கைப்பிடியும் சுழலும் வளையமும் கொண்ட ஒரு சின்ன இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு, ஆயிலில் தனியாகக் கலக்கும் மருந்து விற்பவர் ஒருவர் எங்கள் தெருவுக்கும் வந்தார். சாதாரண ஆயிலில் வளையம் நின்றது. மருந்து ஊற்றியதும் எவ்வளவு அழுத்தியும் நிற்கவில்லை. கூடியிருந்தவர்கள் அசந்துவிட்டார்கள். குளோரின் சேர்ந்த பாரஃபின் போன்ற மலிவான பொருளே அந்த வித்தையில் ஜெயித்துவிடும், எஞ்சினுக்குள் அதுவே அரிப்பை உண்டாக்கவும் கூடும் என்பதை அவர் சொல்லவில்லை. நான் கேட்டது ஒரே கேள்வி: "இது கிளட்சை என்ன செய்யும்?" அவர் இயந்திரத்தை மூட்டை கட்டிக்கொண்டார். அந்த வகைப் புட்டிகள் உங்களில் சிலரது கல்லா மேசையிலேயே அடுக்கியிருப்பதைப் பார்க்கிறேன். லாபம் அதில் அதிகம் என்பது தெரியும். குறைந்தபட்சம் கியர் பைக்காரரிடம் அதை நீட்ட வேண்டாம்.

நான் கேட்பது பெரிய செலவு வைக்கும் காரியம் அல்ல. கார் ஆயிலையும் பைக் ஆயிலையும் ஒரே அடுக்கில் கலந்து வைக்காமல் பிரித்து வையுங்கள். ஆயில் கேட்டு வருபவரிடம் விலையைச் சொல்வதற்கு முன் "கியர் வண்டியா, ஸ்கூட்டரா?" என்று கேட்கும்படி கடைப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்குப் பழக்க வேண்டுமானால் என் பட்டறைக்கு அனுப்பிவையுங்கள். அந்த இளைஞரின் பிளேட்டுகளை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே புதுப் பிளேட் ஒன்றும் தொங்குகிறது. இரண்டையும் விரலால் தடவிப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் விளங்கிவிடும். புதன்கிழமை பிற்பகலில் கூட்டம் குறைவு.

இப்படிக்கு,
கோரிமேட்டுப் பட்டறைக்காரன்