மண்டோர் அண்ணனின் கைக்கடிகாரம்

சுங்கை சிப்புட்,
பேராக்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. மூட்டுவலி குறைந்திருப்பதாக எழுதியிருந்தாய், மகிழ்ச்சி. நான் நலம், இங்கே மழைதான் விடாமல் பெய்கிறது. உன் மகன் வாங்கித் தந்த ரோலெக்ஸ் அசல்தானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது, போலியாக இருந்தால் அதைக் கட்டிக்கொண்டு நடமாடுவது தவறா என்று கேட்டிருந்தாய். இரண்டே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் போன மாதம் இங்கே நடந்த ஒன்றைச் சொல்லாமல் அதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

நம் தோட்டத்துப் பெரிய லயத்தில் கடைசி வீட்டில் இருந்த, வேலையாட்களுக்குக் கங்காணியான மண்டோர் அண்ணன் தவறிப்போன செய்தியைத் தொலைபேசியில் சொன்னேன் அல்லவா? கருமாதி முடிந்து இரண்டு வாரம் கழித்து அண்ணி என் வீட்டுக்கு வந்து, ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தார். காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்களத்தில் அண்ணன் கையை உயர்த்தி மணி பார்க்கும்போதெல்லாம் நம் கண்ணில் பட்ட அதே கறுப்பு முகப்பு ரோலெக்ஸ். பேத்திக்குப் பினாங்கில் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது. சாவு வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர், இதை விற்றால் முப்பதாயிரம் வெள்ளிக்குக் குறையாது என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். கடிகாரப் பைத்தியம் என்று ஊரில் பெயரெடுத்தவன் நான்தானே, அதனால் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்.

கையில் வாங்கியதுமே எனக்கு ஐயம் தட்டிவிட்டது. அந்த ரகத்து அசலில் இருக்கும் 3135 என்ற இயந்திரம் மணிக்கு 28,800 முறை, அதாவது விநாடிக்கு எட்டு முறை துடிப்பதால், விநாடி முள் வழுக்கிக்கொண்டு போவதுபோல் தெரியும். இதிலோ முள் சற்றுத் தத்தித் தத்திப் போயிற்று. சாவித் திருகை வெளியே இழுத்தால் அசலில் விநாடி முள் நின்றுவிட வேண்டும். இதில் அது நிற்காமல் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. தேதியின் மேல் இருக்கும் குமிழ்க்கண்ணாடி தேதியை இரண்டரை மடங்கு பெரிதாக்கிக் காட்ட வேண்டும், ஆனால் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்த பிறகுதான் என்னால் அதைப் படிக்க முடிந்தது. பின்மூடியைத் திறந்தேன். உள்ளே ஜப்பானின் மியோத்தா 8215, விநாடிக்கு ஆறு துடிப்பு. நல்ல இயந்திரம், ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் உழைத்திருக்கிறது, அதன்மேல் எந்தக் குற்றமும் இல்லை. முகப்பில் ஒட்டியிருந்த ரோலெக்ஸ் சின்னமான கிரீடந்தான் பொய்.

அண்ணியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் எங்கள் கடிகாரக் கூட்டம் கூடும் காப்பிக் கடைக்கு அதை எடுத்துச் சென்றேன். இரயில்வேயில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அதைக் கையில்கூட எடுக்கவில்லை. காப்பித் தட்டை நகர்த்துவதுபோல் ஒற்றை விரலால் என் பக்கம் தள்ளிவிட்டார். போலி ஒன்று மேசையில் கிடந்தால் பக்கத்தில் இருக்கும் அசலையும் நாலு பேர் ஐயத்தோடு பார்ப்பார்கள் என்பது அவருடைய நெடுநாள் மனக்குறை. எதிரே இருந்த இளைஞரோ, அசலை வங்கிப் பெட்டகத்தில் பூட்டி வைத்துவிட்டு, வெளியூர்ப் பயணங்களில் அதே ரகத்துப் போலியைக் கட்டிக்கொண்டு போகிறவர். இப்போது வருகிற உயர்தரப் போலிகளைத் திறந்து பார்க்காமல் தேர்ந்தவர்களாலும் சொல்ல முடிவதில்லை என்று அவர் ஏதோ பெருமையாகச் சொல்லப்போக, பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. பழுது பார்க்கும் சீன நண்பர் மட்டும், முகப்பை மாற்றிப் பெயரில்லாத கடிகாரமாக்கினால் இது நாணயமான பொருளாகிவிடும் என்றார். எனக்குப் பிடித்தது அவர் பேச்சுதான்.

அந்தப் பெரியவரின் கோபத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. 2021 நவம்பரில் ஜெனீவாவில் நடந்த ஃபிலிப்ஸ் ஏலத்தில் 1957-ஆம் ஆண்டு ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம் ஒன்று 3.1 மில்லியன் சுவிஸ் பிராங்குக்குப் போனது. அதைத் தன் அருங்காட்சியகத்துக்கென்று வாங்கியது ஒமேகா நிறுவனமேதான். அது பல கடிகாரங்களின் உதிரிகளைக் கோத்த ஒட்டுவேலை என்றும், தன் முன்னாள் ஊழியர் சிலருக்கே அதில் பங்கு உண்டு என்றும் 2023-இல் அந்த நிறுவனமே அறிவித்தது. பெற்றவளுக்கே பிள்ளை அடையாளம் தெரியாமல் போன கதை. நாமெல்லாம் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு எதைக் கண்டுவிடப் போகிறோம்!

ஆனால் நம் ஊரில் உருப்பெருக்கியை எடுப்பவர் யார்? ஈப்போ அடகுக் கடை ஏலத்தில் நான் எடுத்த பழைய அசல் ரோலெக்ஸ் உனக்கு நினைவிருக்கும். தோட்டத்திலிருந்து நேரே ரப்பர்க் காலணியோடு போய், அதற்குத் தோல்வார் மாற்றக் கொடுத்தபோது, கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பெட்டாலிங் தெருச் சரக்குக்கு இந்த வார் அதிகம்" என்றார், கோலாலம்பூரில் போலிச் சரக்குக்குப் பேர்போன தெருவின் பெயரைச் சொல்லி. கடிகாரத்தை அவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. மண்டோர் அண்ணனின் மீசைக்கும் உயரத்துக்கும் அவருடைய போலியை முப்பது ஆண்டுகள் அசல் என்று நம்பிய அதே ஊர்தான் இது.

மூன்றாம் நாள் அண்ணி வீட்டுக்குப் போய், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவர் சிறிது நேரம் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நூற்றிருபது வெள்ளிக்கு வாங்கினேன் என்று அந்த மனுசன் அன்றைக்கே சொன்னார், தம்பி" என்றார். "நான்தான் நம்பவில்லை. சேமநிதியில் எடுத்த காசையெல்லாம் இதில் கொட்டிவிட்டு, எனக்குப் பயந்து பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். சண்டை வரும்போதெல்லாம் இதைச் சொல்லித்தான் குத்திக் காட்டுவேன். அவரும் சொல்லிச் சொல்லிப் பார்த்துவிட்டு, கடைசியில் பேசாமல் இருந்துவிட்டார்." அதைத் திரும்பக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு, பேத்திக்கு அரசாங்கத்தின் பிடிபிடிஎன் கல்விக் கடன் இருக்கவே இருக்கிறது என்று சொல்லிவிட்டுத் தேநீர் போட எழுந்து போனார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். முதலில் மகனிடம் என்ன விலை என்று கேள். அவன் சொல்வதை நம்பு. போலியென்றே தெரிந்தாலும் தாராளமாகக் கட்டிக்கொள். இங்கே உள்நாட்டு வாணிப அமைச்சு சோதனை போடுவதெல்லாம் விற்கிறவனைத் தேடித்தான், உன் மணிக்கட்டைத் தேடி யாரும் வரப்போவதில்லை. சுவிட்சர்லாந்துக்கு மட்டும் கட்டிக்கொண்டு போய்விடாதே. அங்கே 2008-லிருந்து சொந்த உபயோகத்துக்கான போலியையும் சுங்கத்தில் பறித்து அழித்துவிடுகிறார்கள். அதை விற்காதே, அடகு வைக்காதே. ஒரு துண்டுத் தாளில் "இது போலி, விலை இவ்வளவு" என்று உன் கையால் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வை. என் மேசை இழுப்பறையிலும் அப்படி ஒன்று இருக்கிறது. அதை வாங்கிய கதையை நேரில் சொல்கிறேன், எழுத வெட்கமாக இருக்கிறது.

தைப்பூசத்துக்கு வரும்போது உன்னுடையதையும் எடுத்துக்கொண்டு வா, திறந்து பார்த்துவிடுவோம். அதற்குள் நீயே சமையலறைக் கத்தியை விட்டு நெம்பிப் பார்க்க வேண்டாம். உன் அப்பாவின் டைட்டோனி கடிகாரத்துக்கு நீ செய்தது போதும்.

இப்படிக்கு,
உன் பழைய லயத்து நண்பன்