கை பொறுக்கும் சூடு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய முதல் கட்டுரையின் வரைவை இரண்டு நாளாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பாதிக்கு மேல் எனக்கு எட்டவில்லை. ஆனால் செய்முறைப் பகுதியை ஒரு வரி விடாமல் வாசித்தேன். முப்பத்துநான்கு வருடம் ஆய்வக உதவியாளனாக நான் வாழ்ந்தது அந்தப் பகுதிக்குள்தானே. அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. சிதம்பரத்தில் பிறந்து நோபல் பரிசு பெற்ற வெங்கி ராமகிருஷ்ணன் 1999இல் போய்ச் சேர்ந்த அதே கேம்பிரிட்ஜ் ஆய்வகத்தில்தான் என் மகளும் இருக்கிறாள் என்று தெருவில் ஒருவரையும் விடாமல் சொல்லிவிட்டாள்.

ஒன்று மட்டும் என்னை உறுத்துகிறது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஐந்து பெயர்கள் இருக்கின்றன. கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் நிதி கொடுத்த அமைப்பு மட்டும் இருக்கிறது. போன மார்கழியில் ஒரு நாள் இரவு நீ தொலைபேசியில் அழுதாயே, அதை நினைத்துக்கொண்டேன். பாக்டீரியாவைக் கொல்லும் ஆம்பிசிலின் மருந்து சேர்த்த தட்டுகளில் வளரவே கூடாத பாக்டீரியாக்கள் எல்லாம் புல் முளைத்ததுபோல் வளர்ந்து நிற்கின்றன, மூன்று வாரம் வீணாகிவிட்டது, எங்கே தவறு என்று யாருக்கும் தெரியவில்லை என்றாய். நான்கு நாள் கழித்து நீயே அழைத்தாய். வளர்ப்பு ஊடகம் தயாரிக்கும் அறையில் இருக்கும் அந்தப் பெரிய அம்மாள், தட்டில் உறைந்து கிருமி வளர இடம் தரும் ஆகர் கூழை நீ ஊற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, குடுவையைக் கையால் தொட்டு, இந்தச் சூட்டில் போட்டால் மருந்து கெட்டுப்போகாதா என்று கேட்டார் என்று சொன்னாய். மறுநாள் ஊற்றிய தட்டுகளில் நீ எதிர்பார்த்தது மட்டுமே வளர்ந்தது. அவருடைய பெயர் இந்த வரைவில் எங்கும் இல்லை.

அவர் தொட்டுப் பார்த்த அந்தச் சூடு எனக்குத் தெரியும். கிருமி நீக்கும் நீராவிக் கலனான ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் வெந்து இறங்கிய ஆகரை உடனே ஊற்றவும் முடியாது, ஆற விட்டு மறந்துபோகவும் முடியாது. மறந்தால் குடுவைக்குள்ளேயே உறைந்துவிடும். குடுவையின் அடியை முன்கையில் வைத்துப் பார்ப்பேன். கை வெடுக்கென்று விலகினால் பொறுக்க வேண்டும், விலகாமல் தாங்கினால் அது 50, 55 டிகிரி, மருந்து சேர்க்க வேண்டிய நேரம். குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது வெந்நீரைப் பதம் பார்த்துவிட்டு, கை பொறுக்கும் சூடு என்று உன் ஆச்சி சொல்வாளே, அதைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவுதான். வெப்பமானி இருந்தது, ஆனாலும் கையைத்தான் நம்பினோம்.

ஆகர் ஆய்வகத்துக்குள் வந்ததே ஒரு சமையலறையிலிருந்துதான். ராபர்ட் காக்கின் பெர்லின் ஆய்வகத்தில் 1881 வாக்கில் நுண்ணுயிர்களை ஜெலட்டின்மேல் வளர்த்தார்கள். கோடை வந்தால் ஜெலட்டின் உருகி எல்லாம் பாழாகும். அங்கே வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி, கணவருக்கு ஆய்வுப் படங்கள் வரைந்து கொடுத்தவர், தாம் வீட்டில் இனிப்பு உறைய வைக்கப் பயன்படுத்தும் ஆகரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நம் பக்கத்து வீட்டில் நோன்பு மாதத்தில் கிண்ணத்தில் வைத்துக் கொடுப்பார்களே, அதே கடல்பாசிதான். 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதும்போது காக் ஆகரைக் குறிப்பிட்டார். யார் சொன்னது என்பதைக் குறிப்பிடவில்லை. அன்று தொடங்கி இன்றுவரை நீங்கள் எல்லாரும் அதன்மேல்தான் கிருமி வளர்க்கிறீர்கள்.

என் கதையை இதுவரை உனக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் ஆய்வகத்தில் டிஎன்ஏவைப் பல மடங்காகப் பெருக்கும் பிசிஆர் இயந்திரம் கிடையாது. 94, 55, 72 டிகிரிகளில் மூன்று வெந்நீர்த் தொட்டிகளை வரிசையாக வைத்து, குழாய்களைச் செருகிய மிதவையைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒரு நிமிடத்துக்கு ஒரு தொட்டியாக முப்பது சுற்று மாற்றுவேன். எண்ணிக்கை தவறக் கூடாது என்பதற்காகச் சுற்றுக்கு ஒரு கோடு சுவரில் சாக்கட்டியால் போடுவேன். நடுவில் தண்ணீர் குடிக்கவும் எழுந்ததில்லை. அப்படி எடுத்த டிஎன்ஏ, புற ஊதா விளக்கின்கீழ் ஜெல்லில் ஆரஞ்சுக் கோடாக ஒளிர்ந்தபோது அறையில் நான் ஒருவன்தான் இருந்தேன். அந்த ஜெல்லின் படம் ஒரு நல்ல இதழில் அச்சாகி வந்தது. ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, கடைசிப் பக்கம்வரை தேடினேன். நன்றிப் பத்தியிலும் என் பெயர் இல்லை. கேட்க வாய் வரவில்லை. அம்மாவிடம்கூட அப்போது சொல்லவில்லை.

பெயர் போடுவதால் ஒருவருடைய வேலை பெரிதாகிவிடாது என்று உன் பேராசிரியர் சொல்லக்கூடும். எனக்கு அது சரியென்று தோன்றவில்லை. 1952இல் ஆல்ஃபிரெட் ஹெர்ஷியின் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்த இளம்பெண் மார்த்தா சேஸ். பாக்டீரியாமேல் ஒட்டிக்கொண்ட வைரஸ்களின் வெற்றுக்கூடுகளைச் சமையலறை மிக்சி போன்ற ஒரு கருவியில் அடித்துப் பிரித்து, உள்ளே போய் வேலை செய்வது டிஎன்ஏதான் என்று இருவரும் காட்டினார்கள். கட்டுரையில் ஹெர்ஷி அவர் பெயரையும் சேர்த்தார். 1969இல் ஹெர்ஷிக்குக் கிடைத்த நோபல் பரிசு மார்த்தாவுக்கு இல்லாமல் போனாலும், பாடப்புத்தகத்தில் நீ அதை ஹெர்ஷி–சேஸ் சோதனை என்றுதான் படித்தாய். அந்த ஒரு வரியைச் சேர்த்திராவிட்டால் அவரை யார் அறிவார்?

உன் ஆய்வகத்திலேயே பார். அதை நிறுவிய மேக்ஸ் பெருட்ஸின் மனைவி கிசெலா, 1962இல் கட்டடம் திறந்ததிலிருந்து இருபது வருடத்துக்குமேல் அங்கே உணவகத்தைக் கவனித்துக்கொண்டார். மாணவரும் நோபல் பெற்றவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதில்தான் பல எண்ணங்கள் பிறந்தன என்று படித்திருக்கிறேன். இங்கே 2015 டிசம்பர் வெள்ளத்தில் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, டீசல் கேனைத் தலையில் சுமந்து வந்து ஜெனரேட்டரை ஓட்டியவர் எங்கள் இரவுக் காவலாளி. மைனஸ் எண்பது டிகிரி உறைபெட்டியில் இருந்த பதினைந்து வருட மாதிரிகள் அவரால் பிழைத்தன. அவற்றை வைத்து இன்னும் கட்டுரைகள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

ஆகவே அனுப்புவதற்கு முன் அந்த அம்மாளிடம் போய், தம் பெயரை எப்படி எழுதுவார் என்று கேள். எழுத்துப் பிழை இல்லாமல் எழுது. 'தொழில்நுட்ப உதவி' என்று பொதுவாக முடித்துவிடாமல், தட்டுகளில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தவர் என்று குறிப்பிட இடம் இருந்தால் அதையும் சேர். உன் பேராசிரியர் மறுத்தால் எனக்கு எழுது. என்ன சொல்லலாம் என்று யோசிப்போம்.

அம்மா நாரத்தங்காய் ஊறுகாய் இரண்டு பாட்டில் அனுப்புகிறாள். ஒன்று அவருக்கு. காரம் குறைவாகத்தான் போட்டிருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா