சிறுத்தைக்கு முழங்கால் போச்சாம்

ஸ்காபரோ,
2025 நவம்பர்.

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். அம்மாவின்ரை முழங்கால் நோவுக்குப் பூசுற மருந்து பார்சலில வருது. அதுமட்டும் கிணத்தடிக்குத் தண்ணி அள்ளப் போகவேண்டாமெண்டு சொல்லுங்கோ. போனில இதெல்லாம் கதைக்கலாம்தான். ஆனா ஐஸ் ஹொக்கி எண்டு நான் வாய் திறந்தவுடன அம்மா போனைப் பறிச்சு, இண்டைக்கு என்ன கறி எண்டு கேக்கத் தொடங்கிவிடுவா. அதாலதான் கடதாசி.

நிற்க. எங்கட ரொறன்ரோ ஹொக்கி அணி லீஃப்ஸ் கொஞ்ச நாளில புளோரிடா பாந்தர்ஸோட விளையாடப் போகினம். பாந்தர் எண்டால் சிறுத்தை. போன மே மாசம் இதே புளோரிடாவிட்டை நாங்கள் பட்டபாடு ஞாபகமிருக்கோ? ஏழு மேட்சுத் தொடரில முதல் ரெண்டும் வெண்டுபோட்டு, கடைசி ஏழாவது மேட்சில எங்கட சொந்த அரங்கிலயே 6-1 எண்டு தோத்தம். சனம் போட்டிருந்த ஜேர்சியைக் கழட்டி ஐஸில எறிஞ்சுது. அவங்கள் போய்த் தொடர்ந்து ரெண்டாவது வருசமும், கடைசியா வெல்லுற அணிக்குக் குடுக்கிற ஸ்டான்லி கிண்ணத்தைத் தூக்கினாங்கள். நாங்கள் கடைசியாத் தூக்கினது 1967இல. நீங்கள் அரைக்காற்சட்டையோட திரிஞ்ச காலம்.

இந்தமுறை அவங்களுக்கு ஆளில்லை. கப்டன் பார்கோவுக்கு செப்டெம்பரில பயிற்சியில முழங்கால் நார் ரெண்டு அறுந்து போச்சு. ஒப்பரேசன் செய்து ஏழிலயிருந்து ஒம்பது மாசம் வெளியில. கச்சக் எண்ட முரடனும் ஒப்பரேசனுக்குப் பிறகு இன்னும் திரும்பேல்லை. இது எவ்வளவு பெரிய இழப்பெண்டு சொல்லுறன், கேளுங்கோ. இந்த விளையாட்டில ஒருத்தன் முக்கால் நிமிசத்துக்கு மேல ஐஸில நிண்டால் மூச்சு வாங்கும். விளையாட்டு நடக்க நடக்கவே ஆள் மாறிக்கொண்டிருப்பினம். நல்லவன் ஒருத்தன் இல்லாட்டி, அவன் நிக்கிற நேரத்தை அடுத்த தரத்து ஆக்கள் பங்கு போட வேணும். அதுவும் பார்கோவ், முன்வரிசையில நிண்டுகொண்டே எதிராளியைத் தடுக்கிறதுக்குக் குடுக்கிற செல்கி விருதை மூண்டு தரம் வாங்கின ஆள்.

வேலைத்தலத்தில எல்லாருக்கும் ஒரே புளுகம். "இந்தமுறை லேசு" எண்டு சாப்பாட்டு மேசையில பந்தயம் கட்டுகினம். நான் கட்டேல்லை. எனக்கு வயித்தைக் கலக்குது.

காரணம் 2020 பெப்ரவரி 22. நான் கனடாவுக்கு வந்து முதல் குளிர்காலம். கரோலினா அணி இங்கை வந்தது. அவங்கட கோல் காப்பாளர் ரெண்டு பேரும் ஒருத்தருக்குப் பின்னால ஒருத்தராக் காயப்பட்டுப் போனாங்கள். அப்பிடி நடந்தால், எந்த அணிக்கெண்டாலும் இறங்க அரங்கில ஒரு உள்ளூர் ஆளை வைச்சிருப்பினம். அண்டைக்கு இருந்தவர் டேவிட் அயர்ஸ். வயசு 42. ஐஸை மட்டமாக்கிற சம்போனி வண்டி ஓட்டின மனுசன். தாய் குடுத்த சிறுநீரகத்தோட வாழுறவர். லீஃப்ஸுக்கே பயிற்சியில கோல் காத்தவர், அதாவது எங்கட வீட்டுப் பிள்ளை. அவர் வந்து நிக்க, முதல் அடிச்ச ரெண்டும் கோல். நான் கதிரையை விட்டு எழும்பிக் கத்தினன். அதோட சரி. பிறகு அடிச்ச எட்டையும் பிடிச்சார். கரோலினா 6-3.

அண்டைக்கு நாங்கள் அவரிட்டைத் தோக்கேல்லை அப்பா. வெண்டாச்செண்டு நினைச்சு எங்கட பெடியள் கையைத் தொங்கவிட்டாங்கள், எதிர்ப்பக்கம் அந்த மனுசனுக்கு முன்னால மதில் மாதிரி நிண்டாங்கள். யாழ்ப்பாணத்தில எங்கட சென்ரல் கொலிஜுக்கும் சென். ஜோன்ஸுக்கும் நடக்கிற கிரிக்கெட் பிக் மேட்சில, சென். ஜோன்ஸின்ரை வேகப்பந்துக்காரன் கையில கட்டோட நிக்கிறானெண்டு நாங்கள் முதல்நாளே பட்டாசு வாங்கினதும், நீங்கள் "நீங்கள் இன்னும் துடுப்பே பிடிக்கேல்லையடா" எண்டு ஏசினதும் எனக்கு அப்பதான் விளங்கிச்சு. நீங்களும் சென்ரல்தான், ஆனாலும் ஏசினியள்.

இன்னொண்டையும் சொல்லவேணும். பார்கோவின்ரை செய்தி வந்த அண்டைக்கு, பஸ்ஸுக்குள்ள நிண்டு வாசிச்ச எனக்கு முதல்ல வந்தது சந்தோசம்தான். பின்னேரம் வீட்டை வந்து உங்களோட கதைக்கேக்கை, அம்மா குந்தவும் ஏலாமல் எழும்பவும் ஏலாமல் அனுங்கின சத்தம் போனுக்குள்ள கேட்டுது. பிறகு நான் அந்தச் செய்தியை ஒருத்தருக்கும் சொல்லித் திரியேல்லை.

மேட்ச் நாளுக்குக் காலமை சிவ்ட் கேட்டிருக்கிறன், குடுப்பினமோ தெரியாது. குடுக்காட்டி இடைவேளையில போனில பாப்பன். இந்தக் கடதாசி உங்கட கைக்கு வர முன்னம் மேட்ச் முடிஞ்சிருக்கும். தம்பி முடிவைச் சொல்ல வந்தால் வாயைப் பொத்துங்கோ, இதை வாசிச்சு முடிச்சிட்டுக் கேளுங்கோ.

அன்பு மகன்