இரண்டு ஊற்றும் நம் கேன் தண்ணியும்

துலூஸ், பிரான்ஸ்,
ஞாயிறு மதியம்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். குளிர் இன்னும் விடவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி நேற்றோடு தீர்ந்தது. அதைத் தவிரப் பெரிய குறை இல்லை.

போன வாரம் போனில், "நீ என்ன படிக்கிறேன்னு கல்யாண வீட்ல கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?" என்று கேட்டீர்கள். நான் ஏதோ உளறினேன். நீங்களும் "சரி சரி, சாப்பிட்டியா" என்று முடித்துவிட்டீர்கள். இது போனில் சொல்லி வராது, அதனால்தான் கடிதம். இன்று ஞாயிறு, கடைகள் பாதிக்கு மேல் மூடிக்கிடக்கின்றன, எனக்கும் வேறு வேலை இல்லை.

ஊரெல்லாம் சிவப்புச் செங்கல் கட்டடம். நடுவே கரோன் ஆறு, பக்கத்தில் போனால் மூக்கைப் பிடிக்க வேண்டியதில்லை. மெட்ரோவுக்கு டிரைவரே கிடையாது. முன்கண்ணாடி ஓரம் நிற்கச் சின்னப் பிள்ளைகளோடு நானும் முண்டியடிக்கிறேன். வந்த புதிதில் தண்ணி கேன் எங்கே கிடைக்கும் என்று வீட்டுக்காரம்மாவிடம் கேட்டேன். அவர் ஒன்றும் பேசாமல் சமையலறைக் குழாயைத் திறந்து காட்டினார். உங்கள் தொழில் இங்கே ஒரு நாள் தாங்காது அப்பா.

ஆனால் என் பொருளாதாரப் பாடம் ஆரம்பித்ததே தண்ணியில்தான். 1838-இல் கூர்னோ என்ற பிரெஞ்சுக் கணக்குப் பேராசிரியர் ஒரு புத்தகம் போட்டார். தாதுநீர் ஊற்று இரண்டு, சொந்தக்காரர் இரண்டு பேர், தண்ணி ஒரே மாதிரி, சந்தையும் ஒன்றே. ஆளுக்கு எவ்வளவு விற்பார்கள், விலை எங்கே போய் நிற்கும் என்று கேட்டார். வகுப்பில் இதைக் கேட்டதும் எனக்கு நம் கடையும் எதிர்த்தெரு அண்ணாச்சி கடையும்தான் கண்ணில் வந்தன.

கணக்கை மடிப்பாக்கத்துக்கு மாற்றிச் சொல்கிறேன், எண்கள் என்னுடையவை. சும்மா கொடுத்தால் ஒரு நாளைக்கு 300 கேன் போகும், 60 ரூபாய் சொன்னால் ஒன்றும் போகாது, நடுவில் சீராக ஏறி இறங்கும் என்று வையுங்கள். ஊற்றுத் தண்ணி என்பதால் அடக்கவிலை பூஜ்யம். கடை ஒன்றே ஒன்று என்றால் அவருக்கு அதிக லாபம் 150 கேனை 30 ரூபாய்க்கு விற்பதில், வருமானம் 4,500. இரண்டு கடை வந்து, அடுத்தவர் எவ்வளவு இறக்குவார் என்று பார்த்து அவரவர் லாபக் கணக்குப்படி போட்டால் ஆளுக்கு 100 கேன், விலை 20, வருமானம் ஆளுக்கு 2,000. விலை இறங்குகிறது, ஆனால் தரைக்கு வருவதில்லை. இரண்டுக்கும் இடையில் தொங்குகிற அந்த விலையைப் பற்றித்தான் என் படிப்பு. தனிக்காட்டு ராஜாவும் இல்லாமல், கோயம்பேட்டுக் கீரைக்கட்டு மாதிரி ஆயிரம் பேர் விற்பதாகவும் இல்லாமல், நாலைந்து பேர் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடத்துகிற வியாபாரம். சிமெண்ட், செல்போன், விமான டிக்கெட் எல்லாம் இதில்தான் வரும். 2014-இல் பொருளாதார நோபல் வாங்கிய ழான் திரோல் வேலை பார்த்ததும் இந்த விஷயத்தில்தான், இந்த ஊரில்தான்.

கூர்னோ இறந்து ஆறு வருஷம் கழித்து, 1883-இல், பெர்த்ரான் என்பவர் அந்தப் புத்தகத்தைக் கிழித்துத் தொங்கவிட்டார். கடைக்காரன் எண்ணிக்கையையா முடிவு பண்ணுகிறான், விலையைத்தானே போர்டில் எழுதுகிறான் என்பது அவர் வாதம். ஒருவன் கொஞ்சம் குறைத்தால் மொத்தக் கூட்டமும் அந்தப் பக்கம் ஓடும், அடுத்தவனும் குறைப்பான், கடைசியில் விலை அடக்கத்துக்கே வந்துவிடும். படித்தபோது சரி என்றுதான் பட்டது. அப்புறம் நம் குமார் அண்ணன் ஞாபகம் வந்தது. லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்குத் தோளில் கேனைத் தூக்கிப்போய், வாயைத் துடைத்து, ஒரு சொட்டு சிந்தாமல் கவிழ்த்துவிட்டு வருவாரே, அந்த வீட்டுப் பாட்டி அண்ணாச்சி இரண்டு ரூபாய் குறைத்தார் என்பதற்காக மாறுவாரா? போதாததற்குக் கேன் அட்வான்ஸ் வேறு நம்மிடம் இருக்கிறது. பெர்த்ரான் மாடிப்படி ஏறாதவர் என்று நினைக்கிறேன்.

இனி எழுதுவதைக் கோபப்படாமல் படியுங்கள். 2019 கோடை, செம்பரம்பாக்கம் ஏரி வெடித்துக் கிடந்து, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணி வந்த வருஷம். அதற்குக் கொஞ்சம் முன்னால் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நீங்கள், அண்ணாச்சி, இன்னும் மூன்று ஏஜென்சிக்காரர்கள் உட்கார்ந்து, ஒன்றாம் தேதியிலிருந்து எல்லாருக்கும் ஐந்து ரூபாய் ஏற்றம் என்று பேசிவிட்டு வந்தீர்கள். நான் கூடத்தான் வந்திருந்தேன், ஆளுக்கொரு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தீர்கள். என் பாடத்தில் அதற்குப் பேர் கார்ட்டல். நம் நாட்டில் 2002-ஆம் வருஷத்துப் போட்டிச் சட்டம் இப்படிக் கூடிப்பேசி விலை வைப்பதைத் தப்பு என்கிறது. முதலில் போய் ஒப்புக்கொள்பவருக்கு அபராதத்தை முழுதாகவே தள்ளுபடி செய்யவும் வழி இருக்கிறது, நம் கோர்ட்டு அப்ரூவர் மாதிரி. ஐந்து கேன் ஏஜென்சியைத் தேடி டெல்லியிலிருந்து யாரும் வரப்போவதில்லை, பயப்படாதீர்கள். டீசல் ஏறியது, பிளாண்டில் கேன் ஒன்றுக்கு விலை கூட்டினார்கள், எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஐந்து ரூபாயைக் கொடுத்தவர்களும் நம் தெருக்காரர்கள்தான். அதையும் இப்போது யோசிக்கிறேன்.

எனக்கு ஆச்சரியம், அந்தப் பேச்சு ஏன் உடையவில்லை என்பது. மேலே சொன்ன கணக்கில் இரண்டு பேரும் பேசிவைத்து ஆளுக்கு 75 கேன் மட்டும் விற்றால் ஆளுக்கு 2,250 வரும். ஒருவர் மட்டும் வார்த்தை தவறி 110 கேன் இறக்கினால் விலை 23-க்கு வரும், அவருக்கு 2,530, வாக்குக் காத்தவருக்கு 1,725. தவறச் சொல்லித்தானே கணக்கு சொல்கிறது? பாடப் புத்தகப் பதில், நாளைக்கும் அதே ஆளின் முகத்தில் விழிக்க வேண்டும், தவறினால் உடனே தெரிந்துவிடும். அண்ணாச்சியின் குட்டியானை நம் வாசலைத் தாண்டித்தான் போகும். நீங்கள் பேப்பர் படிக்கிற சாக்கில் கேன் எண்ணுவீர்கள்!

டென்மார்க்கில் இதைத் தெரியாமல் செய்து மாட்டிக்கொண்டார்கள். 1993-இல் போட்டியைக் கூட்டுவதற்காக ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனிகள் நிஜமாக வாங்குகிற விலையை அரசே அச்சிட்டு வெளியிட்டது. ஒரு வருஷத்துக்குள் விலை 15 முதல் 20 சதம் ஏறியது. யார் ரகசியமாகத் தள்ளுபடி கொடுக்கிறார்கள் என்று எல்லாருக்கும் வெட்டவெளிச்சமாகிவிட்டது, பிறகு யார் குறைப்பார்கள்? விலைப்பட்டியலை ஒட்டினால் ஜனங்களுக்கு நல்லது என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

என் ஆய்வறிக்கைக்கு இதையே எடுத்துக்கொள்ளலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். "கையில் விலைக் கணக்கு இருக்கிறதா?" என்றார். இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். பீரோ அடித்தட்டில் சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு இருக்கும், தெருவாரியாகக் கேன் எண்ணிக்கை எழுதுவீர்களே. 2018 தீபாவளியிலிருந்து 2019 பொங்கலைத் தாண்டி அடுத்த பொங்கல் வரை ஒவ்வொரு பக்கமாகத் தம்பியைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வெளிச்சத்தில் வைத்து எடுக்கட்டும், உங்கள் 1-உம் 7-உம் ஒரே மாதிரி இருக்கும். கடைப் பேர், ஆள் பேர் எதையும் எழுத மாட்டேன். அண்ணாச்சியிடம் நீங்களே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அவர் நோட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் தருவாரா என்று தெரியவில்லை.

முட்டி வலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? கேன் தூக்க வேண்டாம் என்று சொன்னதை மறக்காதீர்கள். அம்மாவிடம் பருப்புப்பொடி பற்றிச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் மகள்