முதல் தவணை நிறைவு: பெற்றோருக்குத் தலைமையாசிரியரின் கடிதம்

மதிப்பிற்குரிய பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். முதல் தவணை நிறைவை எட்டும் இவ்வேளையில் உங்களை இக்கடிதத்தின்வழி சந்திப்பதில் மகிழ்ச்சி அடைகிறேன். பொங்கல் விழா, குறுக்கோட்டம், திருக்குறள் ஒப்புவித்தல் போட்டி, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம், துப்புரவுப் பணி ஆகிய அனைத்தும் செவ்வனே நடந்தேறின. வெற்றி பெற்றவர்களுக்கும் பங்கேற்றவர்களுக்கும் பாராட்டுகள். சிற்றுண்டிச்சாலைக் கூரையின் ஒழுகலும் ஒருவழியாகச் சரிசெய்யப்பட்டுவிட்டது. வகுப்புசார் மதிப்பீட்டு அறிக்கைகளை வகுப்பாசிரியர்கள் வழக்கம்போல் உங்களிடம் நேரில் வழங்குவார்கள்.

இனி, இக்கடிதத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளப் போகும் செய்திக்கு வருகிறேன். நம் பள்ளியின் சிறப்புக் கல்வி வகுப்பிற்கு இவ்வாண்டு புதிய ஆசிரியை ஒருவர் வந்திருப்பதை அறிவீர்கள். நீண்ட காலம் அவ்வகுப்பை நடத்திய ஆசிரியர் பணி ஓய்வு பெற்ற நிலையில், சிறப்புக் கல்வியையே முதன்மைத் துறையாகப் பயின்று தேறிய ஒருவர் நமக்குக் கிடைத்தது நற்பேறு என்றே பள்ளி நிர்வாகம் கருதுகிறது. ஆனால், அண்மைய வாரங்களில் என் அறைக்கு வந்த பெற்றோர் சிலரின் கருத்தும், அதைவிட அதிகமாகப் பெற்றோர் புலனக் (வாட்ஸ்அப்) குழுக்களில் உலவும் கருத்தும் வேறாக இருக்கின்றன. அவர் வயதில் இளையவர், அனுபவம் போதாது, பாடம் நடத்தாமல் விளையாட்டுக் காட்டுகிறார், பிள்ளைகளை அதட்டத் தெரியவில்லை என்பவை அவற்றுள் நாகரிகமாகச் சொல்லப்பட்டவை.

இக்கருத்துகளின் உச்சமாக, வகுப்பறைச் சன்னல் வழியாக எடுக்கப்பட்ட ஒரு காணொலி குழு விட்டுக் குழுவாகப் பகிரப்பட்டது. அதில் மாணவர் ஒருவர் தரையில் படுத்துக் கால்களை உதைத்து அழுகிறார். ஆசிரியை சற்றுத் தள்ளி, அவரும் தரையிலேயே அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாமல் இருக்கிறார். சம்பளம் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்ற குறிப்பும் அக்காணொலியோடு சேர்ந்து சுற்றியது. அம்மாணவருடைய பெற்றோரின் இசைவுடன்தான் இதைப்பற்றி இங்கே எழுதுகிறேன்.

அந்த நேரத்தில் அங்கே நடந்தது இதுதான். மணியோசையும் நாற்காலிகள் இழுபடும் ஓசையும் ஒருசேரக் காதில் விழும்போது அம்மாணவரால் அதைத் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. அது அடம்பிடித்தலும் அன்று, கெட்ட வளர்ப்பும் அன்று. புலன்களின்வழி வரும் சுமை அளவு மீறும்போது உடல் தரும் எதிர்வினை. அந்நிலையில் இருக்கும் பிள்ளையிடம் பேசுவதும், கையைப் பிடித்துத் தூக்குவதும், ‘எல்லாரும் பார்க்கிறார்கள், எழுந்திரு’ என்று சொல்வதும் அச்சுமையை மேலும் கூட்டவே செய்யும். ஆகவே ஆசிரியை மின்விசிறியையும் விளக்கையும் அணைத்துவிட்டு, மேசைகளை நகர்த்தி, மற்ற மாணவர்களை உதவியாளருடன் வெளியே அனுப்பிவிட்டு, அப்பிள்ளை அடிபட்டுக்கொள்ளாத தொலைவில் காவலாக அமர்ந்தார். காணொலி தொடங்குவது இதற்குப் பிறகுதான். அழுகை அடங்கியதும் அம்மாணவர் தானாக எழுந்து வந்து ஆசிரியையின் அருகில் அமர்ந்தார். அதற்குள் காணொலி முடிந்துவிட்டது.

ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோல் தோன்றும் அந்த வேலைதான் இத்துறையில் கடினமானது. வெளியிலிருந்து நான்கு கண்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தன்னைக் கெட்டிக்காரராகக் காட்டிக்கொள்ளும் ஆசையை அடக்கி, அப்பிள்ளைக்கு எது தேவையோ அதை மட்டும் செய்வதற்கு ஓர் உறுதி வேண்டும். புதிதாகப் பணிக்கு வந்தவரிடம் அவ்வுறுதியை நான் எளிதில் எதிர்பார்ப்பதில்லை. இவரிடம் அது இருப்பதைக் கண்டேன்.

அதோடு அவர் நிற்கவில்லை. அன்று மாலையே தம் குறிப்பேட்டுடன் என்னைச் சந்திக்க வந்தார். அழுகை தொடங்கும் முன் என்ன நடந்தது, அப்போது மாணவர் என்ன செய்தார், அதன்பின் சுற்றியிருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று மூன்று பத்திகளாகப் பிரித்து, நேரத்தோடு எழுதி வைத்திருந்தார். பல நாள்களின் பதிவுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, ஓய்வு நேர மணிதான் சிக்கல் என்பது எனக்கே விளங்கியது. இப்பொழுது மணி அடிப்பதற்குச் சற்று முன்பாக அம்மாணவர் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு உதவியாளருடன் திடலோரம் நடந்துவிட்டு வருகிறார். பள்ளிக்கு இதனால் ஆன செலவு மிகச் சொற்பம். பிள்ளையைத் திருத்தக் கிளம்பும் முன், பிள்ளையைச் சுற்றியிருப்பவற்றைத் திருத்த முடியுமா என்று பார்க்கும் இந்த மனப்பாங்கையே நல்ல சிறப்புக் கல்வி ஆசிரியரின் முதல் அடையாளமாக நான் கருதுகிறேன்.

அடுத்து, விளையாட்டுக் காட்டுகிறார் என்ற குறை. இரு வாரங்களாக என் மகனுக்குச் சட்டைப் பொத்தான் போடத்தான் சொல்லித் தருகிறார், எழுத்து ஒன்றும் நடக்கவில்லை என்று ஒரு பெற்றோர் வருந்தினார். அவ்வருத்தம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும், தன்னைத் தானே கவனித்துக்கொள்ளும் திறன்களும் சிறப்புக் கல்விப் பாடத்திட்டத்தின் பகுதியே என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. ஆசிரியை பொத்தான் போடக் கற்பிக்கும் முறையை ஒரு நாள் அருகிலிருந்து கவனித்தேன். மேலிருக்கும் பொத்தான்களையெல்லாம் அவரே போட்டுவிட்டு, கடைசிப் பொத்தானையும் துளையில் பாதி நுழைத்து, மீதியை இழுக்கும் வேலையை மட்டும் மாணவரிடம் விடுகிறார். மாணவர் இழுத்ததும் வேலை முடிந்துவிடுகிறது; முடித்தவர் மாணவர். சில நாள் கழித்து, நுழைப்பதையும் அவரிடமே விடுகிறார். பின்னாலிருந்து முன்னோக்கிக் கற்பிக்கும் இம்முறையால் பிள்ளை ஒவ்வொரு தடவையும் தன் முயற்சியின் நிறைவைக் காண்கிறது. அதே விரல்கள்தாம் நாளை எழுதுகோலைப் பிடிக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே நினைத்துப் பார்க்க வேண்டுகிறேன்.

சுவரில் ஒட்டியும் எடுத்தும் மாற்றக்கூடிய பட அட்டைகளைக் கண்டும் சிலர் இது பாலர் பள்ளியா என்று கேட்டிருக்கிறார்கள். வருகை, கழிவறை, கணிதம், உணவு, வீடு என்று அன்றைய நாளின் ஒழுங்கு அதில் இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதைக் கண்ணால் பார்க்க முடிந்த பிள்ளைக்குப் பதற்றம் குறைகிறது. முடிந்த வேலையின் அட்டையைத் தானே கழற்றிப் பெட்டியில் போடும்போது ஒரு மாணவியின் முகத்தில் தெரியும் பெருமிதத்தை, காணொலி எடுத்தவர்கள் ஏனோ எடுக்கவில்லை.

இவரிடம் நான் மதிக்கும் இன்னொரு பண்பு, தெரியாததைக் கேட்கத் தயங்காமை. நீங்கள் பிபிஎம் என்று அழைக்கும் மாணவர் நிர்வாக உதவியாளர் இப்பிள்ளைகளைப் பல ஆண்டுகளாக அறிந்தவர். பட்டம் பெற்று வந்த ஆசிரியை, அவரிடம் போய், ‘அக்கா, இவனுக்கு எந்தப் பாட்டுப் பாடினால் பிடிக்கும்?’ என்று கேட்டு எழுதிக்கொண்டதை நான் பார்த்தேன். வீட்டில் தமிழில் பேசும் அத்தையும் மலாயில் பேசும் சிகிச்சையாளரும் ஒரே பிள்ளைக்கு வெவ்வேறு கட்டளைகள் தருவதால் எழும் குழப்பத்தைத் தவிர்க்க, வீட்டில் வழங்கும் சொற்களைப் பெற்றோரிடம் கேட்டுப் பட்டியலிட்டதும் அவரே. பெற்றோரிடம் அவர் உண்மையையும் மறைப்பதில்லை. ‘எல்லாம் சரியாகிவிடும்’ என்று இனிப்பாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. இத்தவணையில் இது முடியும், இது முடியாது, இதற்கு மருத்துவமனையின் பேச்சுப் பயிற்சியும் வேண்டும் என்று பணிவாக எடுத்துச் சொல்வது கடினம்.

அவரிடம் குறையே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. கோப்பு வேலையில் இன்னும் வேகம் வேண்டும். அறிக்கைகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. ஓய்வு நேரத்திலும் வகுப்பைவிட்டு வராமல் பசியோடு இருந்துவிடுகிறார். இவற்றை அவரிடமே சொல்லியிருக்கிறேன். ஆசிரியரின் குறையைச் சுட்டிக்காட்டுவதும் திருத்துவதும் என் கடமை; அதற்கு உரிய இடம் என் அறை.

மலேசியாவின் 2013-ஆம் ஆண்டுச் சிறப்புக் கல்வி ஒழுங்குவிதிகள், வகுப்பில் சேரும் மாணவருக்கு அந்த ஏற்பாடு பொருந்துகிறதா என்று கண்டறிய மூன்று மாதம் வரை முன்னோட்டக் காலம் அளிக்கின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு தேவையுள்ள பல பிள்ளைகளை ஒரே நேரத்தில் அறிந்துகொள்ள வேண்டிய ஆசிரியருக்கு, அந்த அளவு பொறுமையையாவது நாம் காட்டக் கூடாதா?

இவ்விடத்தில் நான் சற்றுக் கண்டிப்பாகப் பேச வேண்டியுள்ளது. எந்த வகுப்பு மாணவரையும், குறிப்பாகத் தனக்காகப் பேச இயலாத ஒரு பிள்ளையை, அதன் துன்ப வேளையில் படம்பிடித்துப் பரப்புவதை இப்பள்ளி இனிப் பொறுத்துக்கொள்ளாது. அக்காணொலியை வைத்திருப்போர் உடனே அழித்துவிட வேண்டும். காலையில் பிள்ளையை விட வருவோர், காவலர் சாவடியில் பதிவு செய்யாமல் சிறப்புக் கல்வி வகுப்பு வரை செல்லவும், சன்னலோரம் நிற்கவும் அனுமதி இல்லை. சன்னலில் தெரியும் ஒரு புதிய முகம், அவ்வகுப்பின் ஒரு காலைப்பொழுதையே கலைத்துவிடும். என் பிள்ளையின் வகுப்பில் ‘அந்தப் பிள்ளைகள்’ வந்து உட்கார வேண்டாம் என்று கடிதம் கொடுத்த நான்காம் ஆண்டுப் பெற்றோருக்கும் என் பதில் இதுவே: கணித நேரத்தில் அங்கே வந்தமரும் இரு மாணவர்களும் இப்பள்ளியின் மாணவர்கள், அவர்கள் தொடர்ந்து வருவார்கள். 2008-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் கல்வியிலிருந்து அவர்களை விலக்கி வைக்கக் கூடாது என்கிறது. 2019 முதல் கல்வி அமைச்சு, எந்த மாணவரையும் நிராகரிக்காத கொள்கையை நடைமுறைப்படுத்தி வருகிறது. தஞ்சோங் பூங்கா என்ற ஊரில் 1954-இலேயே செவித்திறன் குறைந்த பிள்ளைகளுக்குப் பள்ளி கண்ட பினாங்கில் இருந்துகொண்டு இதை நான் விளக்கி எழுத வேண்டியிருப்பது வருத்தமே.

இக்கடிதம் எல்லாருக்கும் பொதுவாகச் செல்வதால், குற்றம் செய்யாதவர்களும் இதைப் படிக்க நேர்கிறது, பொறுத்தருள வேண்டுகிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் இரவு ஷிப்ட் முடித்துப் பாலம் கடந்து நேரே பள்ளிக்கு வந்து, தூக்கக் கலக்கத்திலும் தொடர்புக் குறிப்பேட்டில் பிள்ளை இரவு எத்தனை மணிக்கு உறங்கியது, என்ன சாப்பிட்டது என்று எழுதித் தரும் தந்தையர் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த இரண்டு வரிகள் ஆசிரியைக்கு அன்றைய நாளைத் திட்டமிட உதவுகின்றன. காதுக்கவசங்களை வாங்கித் தந்த பெற்றோர் ஆசிரியர் சங்கத்தினருக்கும், சிறப்புக் கல்வி மாணவர்களுக்காகத் தங்கள் பக்கத்து நாற்காலியை யாரும் சொல்லாமலே ஒதுக்கி வைத்த நான்காம் ஆண்டு மாணவர்களின் பெற்றோருக்கும் என் மனமார்ந்த நன்றி. அக்கறையினால்தான் பலர் குறை கூறினார்கள் என்பதையும் நான் அறிவேன். அந்த அக்கறைக்கும் நன்றி.

ஆர்பிஐ எனப்படும் தனியாள் கல்வித் திட்டத்தை மீள்பார்வை செய்யும் சந்திப்புகள் அடுத்த தவணையின் தொடக்கத்தில் நடைபெறும். சென்ற சந்திப்பில் காலியாக இருந்த நாற்காலிகள் அதிகம். உங்கள் பிள்ளை அடுத்து எதைக் கற்க வேண்டும் என்று முடிவெடுக்கும் இடம் அதுவே. புலனக் குழுவில் கேட்கும் கேள்விகளை அங்கே கேளுங்கள். ஷிப்ட் வேலையில் இருப்போருக்காக மாலை நேரச் சந்திப்புக்கும் ஆசிரியை இசைந்துள்ளார். விரும்புவோர் குறிப்பேட்டில் நேரத்தைக் குறித்து அனுப்பலாம். சிறப்புக் கல்வி மாணவர்களுக்கான மாதம் 150 ரிங்கிட் உதவித்தொகை, ஓகேயு எனப்படும் மாற்றுத்திறனாளி அட்டை ஆகியவை பற்றிய கேள்விகளுக்குப் பள்ளி அலுவலகம் பதில் அளிக்கும். அவற்றுக்காக வகுப்பு நேரத்தில் ஆசிரியையை அழைக்க வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

நன்றி.

இக்கண்,
தலைமையாசிரியர்