கேப்டனுக்குக் கப்பல் தேவையில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி மறுபடியும் வந்திருக்கிறது. 'கேப்டன்' என்பது 'கப்பல்தலைவன்' தேய்ந்து வந்த சொல்லாம், தேசிய சேவைக்கு, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்குப் போகும் பிள்ளைகளுக்குப் பெருமையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டுமாம்.

தரைப்படையிலும் கேப்டன் இருக்கிறாரே, அவருக்கு ஏது கப்பல்? லத்தீனில் 'கபுட்' என்றால் தலை, அதிலிருந்து பிறந்தவர் இவர். அதே சொல் போர்ச்சுகீசியர் வழியாக மலாய்க்கு வந்து 'கப்பித்தான்' ஆனது. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைப் பார்த்தவர்கள் நம்மில் பலர். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதை நிறுவிய காதர் முகைதீன் அங்கிருந்த தென்னிந்திய முஸ்லிம்களுக்குத் தலைவர், அதனால் கிடைத்த பட்டம்தான் பள்ளிவாசலின் பெயரிலும் இருக்கிறது.

மற்றப் பதவிகளும் ஏறக்குறைய இப்படித்தான். லெஃப்டினன்ட், பிரெஞ்சு வழி வந்த லத்தீன்: மேலதிகாரி இல்லாதபோது அவர் இடத்தைப் பிடித்து நிற்பவர். கர்னலுக்குள் இருப்பது 'கொலும்னா', அதாவது தூண். இத்தாலியர்கள் படை அணிக்கும் அந்தப் பெயரை வைத்தார்கள். சார்ஜண்ட் என்றால் மூலத்தில் பணிவிடை செய்பவர், பயிற்சி முகாமில் அவர் போடும் சத்தத்தைக் கேட்ட எந்தப் பையனும் இதை நம்பமாட்டான்! மேஜரும் நம்மூர் மேயரும் ஒரே வேரில் வந்தவர்கள், இருவருக்கும் 'பெரியவர்' என்றே பொருள். மினிஸ்டர் அதற்கு நேர்மாறு, குறைவு என்ற பொருளுள்ள 'மினுஸ்' என்ற சொல்லிலிருந்து வந்த வேலையாள். ஆனால் எல்லாவற்றையும் லத்தீன் கணக்கில் எழுதிவிடவும் முடியாது, மார்ஷல் ஜெர்மானியச் சொல், ஒரு காலத்தில் குதிரை பார்த்துக்கொண்ட ஆள்.

இதைச் சொன்னால் தமிழ்ப்பற்று இல்லாதவன் என்கிறார்கள். அப்படியில்லை ஐயா. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் நம்மிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போனவை, ஆங்கில அகராதிகளே அதை ஒப்புக்கொள்கின்றன, அப்புறம் எதற்கு ஒலி ஒத்துப்போகிறது என்பதற்காக அடுத்தவர் சொல்லுக்கு உரிமை கொண்டாட வேண்டும்? ஒரு சொல் எந்த நூற்றாண்டில், எந்த மொழியில், எந்த வடிவத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்துத்தான் வேரைச் சொல்ல முடியும்.

உங்கள் மாணவர் பக்கத்தில் வாரம் ஒரு சொல்லை எடுத்து, மொழியியல் படித்த ஒருவரைக் கொண்டு இந்த மாதிரி விளக்கம் எழுதவைக்கலாமே. ஏப்ரல் தமிழ்மொழி விழாப் பேச்சுப் போட்டிகளுக்கு முன்பே தொடங்கினால் பிள்ளைகளுக்கு உதவும்.

வாசகர், ஈசூன்